சொல்லாமல் வந்தவள், சொல்லாமல் போனவள்

சாவுக்கும் அழைப்பு வந்தால்தான் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடலூரின் பழைய நகரமான ஓ.டி.க்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவள் நான். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அழைக்காமல் போனால் மானம் போய்விடும். சாவுக்கு அழைப்பை எதிர்பார்த்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பெரிய மானக்கேடு. மேளச் சத்தம் கேட்டதும் மீன் கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவள். எதிரி வீட்டுச் சாவு என்றாலும் போவோம். போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து அழுதுவிட்டு, பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுவோம். வந்ததும் தலைக்குக் குளிப்போம். அவ்வளவுதான்.

இந்த அவ்வளவுதானுக்காகத்தான் ஜெர்மனியில் ஒரு கண்ணாடி அறையில் என்னை உட்கார வைத்து விசாரித்தார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அப்பா ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, ஆலப்பாக்கம் புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போய்க் கடல் உயிரியல் படித்தேன். மீன் நாற்றம் வருகிறது என்று பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போன நாட்கள் உண்டு. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொள்வேன். அப்படிப் படித்துத்தான் ஜெர்மனியின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் ஆய்வு வேலைக்குப் போனேன். யாருடைய சிபாரிசும் இல்லை.

அந்த ஊர் எனக்குப் பிடித்தே இருந்தது. பொய் சொல்லக் கூடாது. மதிய வேளையில் வராந்தாவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் 'சாப்பாட்டு வேளை' என்று பொருள்படும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு போவார்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். லிஃப்ட்டில் முன்பின் தெரியாதவர்கூட இறங்கும்போது விடை சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் இடத்தில் நுழைகிறவர் அங்கிருக்கும் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போடுவார், போகும்போது பொதுவாக ஒரு விடை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று அப்படிச் சொன்னால், இந்தப் பெண்ணுக்கு டோக்கன் எதுவும் வேண்டியிருக்கிறதோ என்று சந்தேகப்படுவார்கள். முதலில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி வேலை செய்தார். மாதிரிகளைக் குளிரூட்டி, பிரித்து, அடுக்கி வைப்பது அவர் பொறுப்பு. அங்கே தலைவரையே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் அம்மா வயதுப் பெண்ணை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை. மனதுக்குள் அக்கா என்றே வைத்துக்கொண்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அக்காதான் எனக்குக் கடையில் பேசுகிற மொழியைக் கற்றுக்கொடுத்தார். பதிலுக்கு நான் தமிழ் கற்றுக்கொடுத்தேன். மாலையில் மேசையை ஒழித்துவிட்டுக் கிளம்பும்போது, "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டும் என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தினமும் கோட்டை மாட்டிக்கொண்டு, கதவருகே நின்று, "போயிட்டு வர்றேன்" என்பார். நான் "போயிட்டு வாங்க" என்பேன். குப்பத்தில் இருப்பதுபோல அந்த ஒரு நிமிடம் இருக்கும்.

ஒரு நாள் காலை தலைவர் வந்து, அக்காவின் அம்மா இறந்துவிட்டார், அவர் சில நாட்கள் விடுப்பில் இருப்பார் என்றார். பொது மேசையில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி எடுக்கப் போனார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா செத்துக் கிடக்கிற பெண்ணுக்கு அட்டையா? விடுப்பு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அக்கா ஒருமுறை விருந்துக்கு அழைத்திருந்ததால் வீடு தெரியும்.

அவர் கணவர் கதவைத் திறந்தார். திகைத்துப் போய் நின்றார். சமையலறை மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். எதிரே சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிற ஆள், பெட்டிகளின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. கணவர் காபி வேண்டுமா என்றார். சாவு வீட்டில் யாராவது காபி குடிப்பார்களா? தலையை ஆட்டி மறுத்தேன். பேசவில்லை. அங்கே பேச என்ன இருக்கிறது? வெகுநேரம் அப்படியே இருந்தேன். பிறகு கையை விட்டுவிட்டு எழுந்தேன். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். அறைக்கு வந்து, எதையும் தொடாமல், அந்தக் குளிரில் தலைக்குக் குளித்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் அடக்கம். கறுப்புக் கரை போட்ட அழைப்பு சிலருக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

அழைப்பு வந்த அன்று மாலை அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மாவால் நம்ப முடியவில்லை.

"என்னாடி சொல்ற? பக்கத்துல ஒக்காந்து வேல செய்யறவ நீ. ஒன்னயே கூப்புடலயா?"

"இங்க கூப்புட்டாதாம்மா போவணும்."

"சாவுக்குக் கூப்புடுவாங்களாமா? அது என்னா, மஞ்சத் தடவுன பத்திரிகையா? வெத்தல பாக்கு வெச்சிக் குடுப்பாங்களா?"

"அப்பிடித்தாம்மா."

"நல்ல ஊருடி அது. செத்தவுங்களயாவது சொல்லிட்டுதான் சாவச் சொல்றாங்களா, இல்ல அதுக்கு மட்டும் வுட்டுட்டாங்களா?"

சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அக்கா வேலைக்குத் திரும்பியதும் என்னைப் பார்த்து ஒரு வணக்கம் மட்டும் சொன்னார். மாலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, ஜெர்மன் மொழியில் எல்லோருக்கும் பொதுவாக விடை சொல்லிவிட்டுப் போனார். "போயிட்டு வர்றேன்" நின்றுபோயிற்று. அந்த வாரக் கடைசியில்தான் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். தலைவர், பணியாளர் பிரிவுப் பெண், அக்கா மூன்று பேரும் இருந்தார்கள்.

குற்றங்களைத் தலைவர் மென்மையான குரலில் சொன்னார். மிகவும் தனிப்பட்ட ஒரு நாளில் முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். ஒரு வார்த்தை அனுதாபம் சொல்லவில்லை. கொடுத்ததை மறுத்தேன். கடைசியில் கோபித்துக்கொண்டவள் போல விடை சொல்லாமல் எழுந்து போனேன். அக்காவின் கணவருக்கு இது மிகவும் வருத்தம். அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பணியாளர் பிரிவுப் பெண் பரிவோடு சாய்ந்து, "உங்கள் மதத்தில் இதற்கு ஏதாவது தடை உண்டா?" என்று கேட்டார். ஒவ்வாமை உண்டா என்று நர்ஸ் கேட்பது போலக் கேட்டார். எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது.

"மதம் இல்லை, மரியாதை" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இருக்கலாம்," என்றார் தலைவர். "ஆனால் நீ இங்கே வந்து நாளாகிறது. படித்தவள். எங்களிடம் கேட்டிருக்கலாமே."

என்னைப் பற்றி அவர் எழுதும் வருடாந்தர அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது: சக பணியாளர்களின் உணர்வுகளை மதிப்பதில் குறை உண்டு. என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் அந்த அறிக்கையைத்தான் படிப்பார்கள். என்னை நேரில் பார்க்கப்போவதில்லை. மீனைப் பற்றி நான் எழுதிய பக்கங்களைவிட அந்த ஒரு வரிதான் அவர்கள் கண்ணில் முதலில் படும். துக்கத்துக்கு ஓடிப் போனவளுக்கு உணர்வு குறைவு. அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனவர்களுக்கு நிறைவு. இதை எந்த ஊர் தராசில் வைத்து நிறுத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தேன். களப்பணி முடிந்து வந்து பேசலாம் என்று தலைவர் தள்ளிவைத்தார்.

களப்பணி எங்கள் பக்கத்தில்தான். வெள்ளாற்று முகத்துவாரத்தில் மாதிரி எடுக்க எங்கள் குழு சிதம்பரம் வந்து ஓட்டலில் தங்கியது. தலைவர், அக்கா, நான், படகுக்காரர்கள். என் சொந்த ஊருக்கு ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், என்னை உணர்வில்லாதவள் என்று எழுதியவர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. நானும் பேசவில்லை.

அப்போதுதான் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "மாமா போயிட்டாருடி." அத்தையின் வீட்டுக்காரர். நெஞ்சுவலி.

ஜெர்மனியில் பட்டது எனக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது பாருங்கள். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "எப்பம்மா வரட்டும்?"

"எப்ப வரட்டுமா? மொறையா டைம் குடுத்தாதான் வருவியா நீ? அந்த ஊர்ல போயி இதத்தான் படிச்சியா? எல்லாம் ஜாஸ்தியாப் போச்சுடி ஒனக்கு. கெளம்பி வா மொதல்ல."

கிளம்பினேன்.

அத்தை வீட்டு முன்னால் பந்தல் போட்டு ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்கு மேல் தெரு முனையில் ஒரு கார் வந்து நின்றது. அக்கா இறங்கினார்.

எங்கள் குழுவுக்கு அமர்த்தியிருந்த கார் டிரைவர் மூலம் விஷயம் தெரிந்து தானாகவே கிளம்பி வந்திருக்கிறார். கையில் ஜிகினாத் தாள் சுற்றிய சிவப்பு ரோஜாக் கொத்து. சிதம்பரத்தில் கல்யாண வரவேற்புக்கு மேடையில் கொடுப்பார்களே, அது. வெள்ளி ரிப்பனில் ஆங்கிலத்தில் 'மணவாழ்க்கை இனிதாகுக' என்று அச்சடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. பந்தலுக்குள் வந்து, மேளக்காரரில் தொடங்கி, இருந்த ஒவ்வொருவர் கையையும் குலுக்கினார். பிடித்து அழ நீட்டிய அத்தையின் கையையும் குலுக்கினார். கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தார். என் அப்பா வாங்கி, ரிப்பனை உருவி மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூவை மட்டும் ஐஸ் பெட்டிமேல் வைத்தார். ஒரு நாற்காலி போட்டார்கள். அக்கா தண்ணீர் கேட்டார். பக்கத்து வீட்டிலிருந்து பாட்டில் வந்தது.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தார். பந்தல் வாசலில் நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, நான் கற்றுக்கொடுத்த அதே உச்சரிப்பில் சொன்னார்:

"போயிட்டு வர்றேன்."

மேளம் நின்றுவிட்டது. நிறையப் பேர் மாரில் கை வைத்தார்கள். சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றுதான் அர்த்தம். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூட அதைச் சொல்லாது.

மாமாவுக்குச் சித்தப்பா முறையில் ஒரு கிழவர் பெட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர்தான் வாயைத் திறந்தார்.

"வரட்டும், வரட்டும். அடுத்தது நான்தான். எனக்கும் இதே மாதிரி ரோசாப்பூவா வாங்கியாரச் சொல்லு. ரிப்பன உருவாம வையிங்கடா, கெழவி பாத்து வயிறு எரியட்டும்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. அத்தைகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாவம், வெள்ளக்காரம்மாவுக்கு என்னா தெரியும்?" என்றார் ஒருவர். "அவ்ளோ தூரத்துலேந்து நம்ம வூட்டு துக்கத்துக்கு வந்தாங்களே, அது பத்தாதா?" என்றார் அத்தை. செத்தது அவர் புருஷன். பந்தலிலேயே அதிகம் கோபப்பட உரிமை உள்ளவர் அவர்தான். எல்லோரும் கை கூப்பி அக்காவைக் கார்வரை கொண்டுபோய் விட்டார்கள். யாரும் கூட்டம் போடவில்லை. யாரும் வரி எழுதவில்லை.

கார் திரும்பியதும் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீதான சொல்லிக் குடுத்த? சாவு வூட்ல சொல்லக் கூடாதுன்னு சேத்து சொல்லிக் குடுக்கத் தெரியாதா? படிச்ச பொண்ணு!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்கள் ஊரில் நான் செய்தது என் தப்பு. எங்கள் ஊரில் அவர் செய்ததும் என் தப்பு. இரண்டு இடத்திலும் சாட்சி ஒன்றுதான்: நான் படித்தவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசல் மிதிக்கவில்லை. நான் மிதித்தேன் என்பதற்காக, இரண்டு ஊர்ப் பழக்கங்களையும் தலையில் சுமந்துகொண்டு போய் எல்லோருக்கும் முன்கூட்டியே விநியோகம் செய்கிற வேலையும் எனக்கே வந்து சேர்ந்ததா? ஐம்பது வயதுக்காரருக்குத் தெரியாது என்றால் பாவம். எனக்குத் தெரியாது என்றால் குறை. இது என்ன நியாயம்?

மூன்றாம் நாள் காலை சிதம்பரம் போனேன். மாதிரிகளைக் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. ஓட்டலில் அக்காவும் தலைவரும் இட்லியும் கொத்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்தேன்.

"அன்றைக்குக் கிளம்பும்போது நீங்கள் சொன்னதை எங்கள் ஊரில் சாவு வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள்," என்று ஆரம்பித்தேன். காரணத்தையும் சொன்னேன். ரிப்பனில் இருந்ததையும் சொன்னேன். அக்காவின் முகம் காதுவரை சிவந்தது.

"ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை? உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாரே!"

"துக்கத்துக்கு வந்தவர்களை எங்கள் வீட்டில் விசாரிப்பது இல்லை."

தலைவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். அக்கா மெதுவாக, "அப்படியானால் அன்று நீ சொல்லாமல் எழுந்து போனது..." என்றார்.

"அதேதான்."

"நீ அழுதாய், நான் அழவில்லை. அம்மா செத்தும் அழாதவள் என்று என்னை வெறுத்துத்தான் எழுந்து போனாய் என்று நினைத்தேன். எத்தனை நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மனதில் அப்படி ஒரு முள் இருந்திருக்கிறது. அதற்காக இரங்கினேன். ஆனால் என் கோபம் அதனால் ஆறிவிடவில்லை. என்னைக் கேட்டிருந்தால் அந்த முள்ளை ஒரு நிமிடத்தில் எடுத்திருப்பேன். என்னைக் கேட்காமல் தலைவரிடம் போனார்.

"இதை அந்த அறையில் இருந்தவர்களிடமே சொல்லுங்கள்," என்றேன். "ஒருவர் இங்கேயே இருக்கிறார்."

அக்கா தலைவர் பக்கம் திரும்பினார். அவள் மேல் தப்பில்லை, நான் தவறாகப் புரிந்துகொண்டேன், புகாரை எடுத்துக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொன்னார். அதற்கு அவர் தைரியத்தை மெச்ச வேண்டும். தலைவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். இது நம் எல்லோருக்கும் நல்ல அனுபவம் என்றார். அறிக்கையில், 'பின்னர் இந்தப் புரிதல் குறைபாடு தீர்ந்தது' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார்.

"சேர்க்க வேண்டாம். முதல் வரியை அடியுங்கள்."

"இரண்டாம் வரி இருந்தால் படிக்கிறவர்களுக்கு விளங்கிவிடுமே?"

"என்னிடம் இல்லாத குறை எப்படித் தீரும்? அடியுங்கள். லேப்டாப் உங்கள் பையில்தான் இருக்கிறது."

பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விட்டார். தலைவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா, "அவள் சொல்வது சரி," என்றார். தலைவர் இலையை நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். அந்த வரி போவதை எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நல்ல அனுபவம் என்று மட்டும் மறுபடியும் சொன்னார்.

பெட்டிகளைக் கட்டி முடித்தபோது மதியமாகிவிட்டது. அத்தை வீட்டில் கருமாதி முடியும்வரை நான் இருக்க வேண்டும். கடலூர் பஸ் பிடிக்கக் கிளம்பினேன். ஓட்டல் வாசலில் அக்கா நின்றிருந்தார்.

"போயிட்டு வர்றேன்," என்றேன்.

பதில் சொல்ல வாயெடுத்தவர் பயந்துபோய் நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இங்கே சொல்லலாமா?"

"சொல்லலாம். இது சாவு வீடு இல்லை."